எடைக்குப் போட்ட சாம்பு

(நமது சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில், சமுதாயக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காகச் செயலாளர் கேட்டதன்பேரில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



போன மாதம் இதே இடத்தில் மூட்டுவலி பற்றி டாக்டர் பேசினார். நாற்காலி போதாமல் மொட்டை மாடியிலிருந்து கொண்டுவந்து போட்டோம். இன்றைக்குப் புத்தகம் பற்றிப் பேச்சு என்றதும் நாற்காலிகள் நிம்மதியாக இருக்கின்றன. வந்திருப்பவர்களிலும் சிலர் பேச்சு முடிந்ததும் வரப்போகும் போண்டாவுக்காக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். தவறில்லை. நான் 36 வருஷம் பாங்கில் கவுண்டரில் உட்கார்ந்தவன். எதிரே நிற்பவர் எதற்காக வந்திருக்கிறார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

செயலாளர் லிஃப்டில் வைத்து என்னைப் பிடித்தார். "சார், சிரிப்பு, சங்கீதம், சினிமான்னு லேசா ஏதாவது பேசுங்க, கனமா வேண்டாம்" என்றார். சரி, அந்த மாதிரிப் புத்தகங்களைப் பற்றியே பேசுகிறேன் என்றேன். இதில் எனக்கு ஒரு சுயநலமும் உண்டு. அதை ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த பொதுக்குழுவின் பொருள் நிரலில் ஏழாவது அயிட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். 'சமுதாயக் கூடத்தில் பயனற்று இருக்கும் இரண்டு புத்தக பீரோக்களை அகற்றி, கூரியர் பார்சல்கள் வைக்க ரேக் அமைப்பது.' நான் பார்சலுக்கு எதிரி அல்ல. என் வீட்டுக்கும் வாரத்துக்கு நாலு வருகிறது. 'பயனற்று' என்ற அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு உறுத்துகிறது. அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் வாரப் பத்திரிகை வந்தால் படிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அப்பா, பிறகு அம்மா, பிறகு அக்கா, கடைசியில் நான். என் கைக்கு வரும்போது மூலையெல்லாம் மடிந்து, ஒரு பக்கத்தில் காப்பிக் கறையும் இருக்கும். எல்லோரும் படித்து முடித்த பிறகு அப்பா தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பதமாகப் பிரித்து எடுத்து அடுக்கி வைப்பார். கதை முடிந்ததும் கட்டு பைண்டரிடம் போகும். காலிகோ முதுகு, கெட்டி அட்டை, மேலே ஒரு வெள்ளைச் சீட்டு. அந்தச் சீட்டில் அப்பாவின் முத்து முத்தான எழுத்தில் கதையின் பெயரும் எழுதியவர் பெயரும் இருக்கும். உங்களில் அறுபதைத் தாண்டியவர்கள் வீட்டிலெல்லாம் இந்த 'பைண்டு' புத்தகம் இருந்திருக்கும். கல்யாணத்துக்கு வந்தவர்கள் திரும்பும்போது பட்சணப் பையோடு ஒரு பைண்டையும் இரவல் வாங்கிக்கொண்டு போவார்கள். பை திரும்பி வரும். பைண்டு வராது.

அப்படி எங்கள் வீட்டில் இருந்தவற்றில் என்னை ஆட்கொண்டது தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு'. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். சாம்பு ஒரு பாங்கு குமாஸ்தா. நாற்பது வயது, வழுக்கைத் தலை, பெரிய மூக்கு, எதைச் சொன்னாலும் சற்றுத் தாமதமாகப் புரியும். பாங்கு வேலை போகிறது. அதற்குப் பிறகு துப்பறியும் நிபுணராகிவிடுகிறார். எப்படி? தப்பாக எதையாவது செய்வார், தடுக்கி விழுவார், உளறுவார். அதிலே திருடன் அகப்பட்டுக்கொள்வான். பாராட்டு மட்டும் சாம்புவுக்கு வந்து சேரும். இன்ஸ்பெக்டர் கோபாலன் அதையெல்லாம் அபார மூளை என்று நம்பிக்கொண்டே இருப்பார். வீட்டில் மனைவி வேம்பு. இப்படி 50 கதைகள்.

நான் பி.காம். முடித்து பாங்கில் சேர்ந்தபோது, பாங்கு குமாஸ்தா என்றாலே எனக்குத் தெரிந்த ஒரே ஆள் சாம்புதான். எங்கள் கிளையில் ஒருவருக்கு அந்தப் பெயரே வைத்துவிட்டோம். நல்ல மனிதர், ஆனால் மெதுவானவர். ஒருநாள் மாலை டே புக் டேலி ஆகவில்லை. 270 ரூபாய் வித்தியாசம். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கேயோ இரண்டு எண்கள் இடம் மாறி விழுந்திருக்கலாம் என்பது எங்கள் பாலபாடம். 580 என்பதை 850 என்று எழுதியிருப்போம், அந்த மாதிரி. மணி எட்டு ஆகிவிட்டது. ஆறு பேர் லெட்ஜர் லெட்ஜராகப் புரட்டுகிறோம், கிடைக்கவில்லை. நம் 'சாம்பு' வெற்றிலைப் பெட்டியைத் தவறவிட்டு மேஜைக்கு அடியில் குனிந்தார். எழுந்தபோது கையில் ஒரு வவுச்சர். "இதுல 580ன்னு போட்டிருக்கே, யாருது?" என்றார். மேனேஜர் அவருக்குக் கை கொடுத்தார். நாங்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் சிரித்தோம். ஏன் சிரிக்கிறோம் என்று அவருக்குப் புரியவில்லை. அவர் அந்தக் கதையைப் படித்ததில்லை!

தேவனின் இயற்பெயர் மகாதேவன். 1913இல் திருவிடைமருதூரில் பிறந்தவர், ஆனந்த விகடனில் வேலை பார்த்தவர். 1957இல், 44 வயது நிறைவதற்குள் காலமாகிவிட்டார். அந்தக் குறுகிய காலத்தில் எவ்வளவு எழுதியிருக்கிறார் என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். 'மிஸ்டர் வேதாந்தம்', 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்', 'கோமதியின் காதலன்' எல்லாம் அவர் எழுதியவை. கோமதியின் காதலன் 1955இல் சினிமாவாகவும் வந்தது. அவருடைய 'ராஜத்தின் மனோரதம்' என்ற புத்தகத்தை நம் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்பேன். சொந்த வீடு கட்ட ஆசைப்பட்டு அலைகிற ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கதை அது. நம்மில் எத்தனை பேர் பில்டர் சொன்ன தேதியை நம்பி வாடகை வீட்டுக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு முழித்தோம்! கார் பார்க்கிங் எந்தப் பக்கம், தண்ணீர் எந்தக் கிணறு என்று எத்தனை சண்டை! படித்துப் பாருங்கள். இத்தனை வருஷம் கழித்தும் நம் வயிற்றெரிச்சலுக்கு அதில் மருந்து இருக்கிறது.

நகைச்சுவைப் புத்தகம் என்றால் மூக்கைச் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். "பொழுதுபோக்கு" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவார்கள். நான் கணக்குப் பார்க்கிறவன், இப்படிப் பார்க்கிறேன். ஒரு காலத்து மனிதர்கள் எப்படிப் பேசினார்கள், எதற்குக் கோபப்பட்டார்கள், சம்பந்திக்கு எவ்வளவு பயந்தார்கள் என்பதையெல்லாம் சரித்திரப் புத்தகம் எழுதி வைப்பதில்லை. சிரிப்பு எழுதினவர்கள்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எஸ்.வி.வி. என்று ஒருவர். 1880இல் பிறந்தவர், திருவண்ணாமலையில் வக்கீல். முதலில் ஆங்கிலத்தில் எழுதிப் பெயர் வாங்கி, பிறகு தமிழுக்கு வந்தார். 'உல்லாஸ வேளை', 'செல்லாத ரூபாய்' எல்லாம் அவருடையவை. குடும்பத்தில் புருஷனும் மனைவியும் பேசிக்கொள்வதை அப்படியே திண்ணையில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்ட மாதிரி எழுதுவார்.

சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்' உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அமெரிக்காவில் திருமதி ராக்ஃபெல்லருக்கு நம் ஊர்க் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிடுகிறது. அவ்வளவுதான் கதை. அப்பளம் இடப் பாட்டிகள், சாஸ்திரிகள், நாதஸ்வரக்காரர், சமையல்காரர் என்று எல்லோரும் விமானம் ஏறுகிறார்கள். அந்தப் புத்தகத்தைச் சிரிக்கிறதற்காகப் படித்தோம். இன்று எடுத்துப் பார்த்தால், 1960களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு என்னென்ன வேண்டும், யார் யார் என்னென்ன செய்வார்கள் என்பதற்கு அதுவே ஒரு பட்டியல். என் மகள் கல்யாணத்தில் எல்லாவற்றையும் கான்ட்ராக்டில் விட்டோம். அப்பளம் இடும் பாட்டியை அந்தப் புத்தகத்தில்தான் காட்ட முடிந்தது.

பாக்கியம் ராமசாமியின் அப்புசாமியையும் சீதாப்பாட்டியையும் சொல்லாமல் விட்டால் இங்கே இருக்கும் தாய்மார்கள் என்னை விடமாட்டீர்கள். எழுதியவர் பெயர் ஜ.ரா. சுந்தரேசன். பாக்கியம் அவருடைய அம்மா, ராமசாமி அப்பா. இரண்டு பெயரையும் சேர்த்துப் புனைபெயராக வைத்துக்கொண்டார். சீதாப்பாட்டி நடத்தும் பாட்டிகள் முன்னேற்றக் கழகத்தின் கூட்டங்களைப் படித்தவர்களுக்கு நம் பொதுக்குழு ஒன்றும் புதிதாகத் தெரியாது. இதற்கு மேல் சொன்னால் எனக்கு மெயின்டனன்ஸ் பில் கூடுதலாக வரும்.

சிரிப்பை விட்டு சங்கீதத்துக்கு வருகிறேன். எனக்கு ராகம் தெரியாது. தோடிக்கும் பைரவிக்கும் வித்தியாசம் கேட்டால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பேன். ஆனால் சங்கீதத்தைப் பற்றிப் படிக்கப் பிடிக்கும். அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியவர் கல்கி. அவர் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் விகடனில் 'ஆடல் பாடல்' என்று கச்சேரி விமர்சனம் எழுதினார். அதற்கு முன் கச்சேரி விமர்சனம் என்றால் வித்வானுக்கு வித்வான் பேசுகிற பாஷை. கல்கி அதைத் தரை டிக்கெட்டுக்காரனுக்கும் புரிகிற மாதிரி எழுதினார். பாடகர் முகத்தைச் சுளித்தால் சுளித்தார் என்று எழுதுவார். பாட்டு புரியவில்லை என்றால் புரியவில்லை என்று எழுதுவார். தமிழில் பாடுங்கள் என்று 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்தபோது அவர் பேனா அதற்குப் பெரிய துணை. 1945இல் வந்த 'மீரா' படத்துக்குப் பாட்டு எழுதியதும் அதே பேனாதான். 'சங்கீத யோகம்' என்று அவர் கட்டுரைகள் புத்தகமாக இருக்கின்றன.

அதைவிட என்னை உலுக்கியது உ.வே.சாமிநாதையர் எழுதிய ஒரு சம்பவம். தமிழ்த் தாத்தா என்றால் நமக்கு ஓலைச்சுவடிதான் ஞாபகம் வரும். அவர் அப்பா வேங்கடசுப்பையர் சங்கீத வித்வான், கனம் கிருஷ்ணையரின் சிஷ்யர். ஐயரே சின்ன வயதில் மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதம் கற்றுக்கொண்டவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அது அவ்வளவாகப் பிடிக்காததால் நிறுத்திவிட்டார்.

சம்பவம் இதுதான். கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தன் சரித்திரக் கீர்த்தனையை எழுதி முடித்து, பிள்ளையவர்களிடம் சிறப்புப்பாயிரம் கேட்டு நடக்கிறார். இன்றைக்கு முன்னுரை கேட்கிறோமே, அது மாதிரி. பிள்ளையவர்கள் மகா இலக்கணப் புலவர். கீர்த்தனையில் இலக்கணப் பிழைகள் இருக்கின்றன. எப்படிப் பாராட்டி எழுதுவது? நாளை, மறுநாள் என்று தள்ளிக்கொண்டே போகிறார். பாரதியார் ஒருநாள் மதியம் வருகிறார். பிள்ளையவர்கள் உள்ளே படுத்திருக்கிறார். எழுப்பவேண்டாம் என்று திண்ணையில் உட்கார்ந்து, தன் கீர்த்தனையைத் தனக்குத்தானே பாடிக்கொண்டிருக்கிறார். உள்ளே படுத்திருந்தவர் காதில் விழுகிறது. கேட்கக் கேட்க உருகிப்போய், எழுந்து வந்து, இத்தனை நாள் அலைக்கழித்ததற்கு வருந்தி, சிறப்புப்பாயிரம் எழுதிக் கொடுத்துவிட்டார்.

காகிதத்தில் பார்த்தபோது பிழையாகத் தெரிந்தது, காதில் விழுந்தபோது உயிராகத் தெரிந்தது. இதை எனக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு சங்கீத வித்வானால் முடிந்திருக்காது. ஒரு புத்தகம் சொல்லிக் கொடுத்தது. அதற்குப் பிறகு கச்சேரியில் ராகம் கண்டுபிடிக்க முயற்சி செய்வதை விட்டேன். கேட்க ஆரம்பித்தேன்.

'தில்லானா மோகனாம்பாள்' எல்லோருக்கும் தெரியும், 1968இல் வந்த படமாகத் தெரியும். சிவாஜி, பத்மினி, நாகேஷின் வைத்தி, மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணி. திரைக்குப் பின்னால் நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஆனால் அது முதலில் விகடனில் தொடர்கதையாக வந்தது. கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் எழுதினார். கோபுலு படம் போட்டார். கதையைப் படித்தால், நாதஸ்வர செட்டு ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு எப்படிப் போனது, தவில்காரரின் கௌரவம் என்ன, கோயில் திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்று ஒரு தனி உலகமே விரிகிறது. சினிமாவின் மூன்று மணி நேரத்தில் அதற்கெல்லாம் இடம் இல்லை.

எங்கள் வீட்டில் அந்தக் கதையும் பைண்டாக இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே அப்பா சேர்த்தது. 'இருந்தது' என்று சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைக்கிறது. ஏன் என்று சொல்கிறேன். இதை என் வீட்டில்கூட முழுசாகச் சொன்னதில்லை.

1994இல் எனக்கு சென்னைக்கு மாற்றல் வந்தது. அம்மா காலமான பிறகு அப்பாவும் எங்களோடுதான். பெரிய வீட்டைக் காலி செய்து 500 சதுர அடிக்கு வரவேண்டும். லாரிக்காரர் பெட்டிக்கு இவ்வளவு என்றார். அப்பா ஒரு வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். பழைய பேப்பர்காரர் வாசலில் வந்தார். பைண்டுகளைத் தராசில் வைத்தேன். 11 கிலோ. கிலோ மூன்றரை ரூபாய், மொத்தம் 38 ரூபாய் 50 பைசா. எட்டணா சில்லறை இல்லை என்று 38 ரூபாய் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன். வாழ்க்கையில் எத்தனையோ லட்சங்களை எண்ணிக் கொடுத்திருக்கிறேன். ஒன்றும் ஞாபகம் இல்லை. அந்த 38 ரூபாய் மறக்கவில்லை.

இரண்டு வருஷம் அப்பா கேட்கவில்லை. கண் ஆபரேஷன் முடிந்து வீட்டோடு இருந்தபோது ஒருநாள், "ஏம்ப்பா, அந்தச் சாம்பு பைண்டு எங்கே வச்சிருக்கே?" என்றார். நான் சட்டென்று, "ஆபீஸ்ல ஒருத்தர் வாங்கிட்டுப் போயிருக்கார்ப்பா" என்றேன். ஒரு மாதம் கழித்து, "அவர் திருப்பிக் கொடுத்தாரா?" என்றார். "இன்னும் இல்லப்பா." பாங்கில் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு வைப்போம். அந்தப் பொய்யை நான் அதில்தான் போட்டு வைத்திருந்தேன். ஆனால் சஸ்பென்ஸ் என்றைக்காவது தீர்க்கப்பட வேண்டும், ஆடிட்டர் விடமாட்டார்.

புத்தகக் கண்காட்சிக்குப் போய்ப் புதிய பதிப்பு ஒன்று வாங்கி வந்தேன். அவரால் சிறிய எழுத்தைப் படிக்க முடியவில்லை. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு நான் வாசித்தேன். கேட்டுக்கொண்டே, அடுத்த வரியை என்னை முந்திக்கொண்டு சொல்வார். சாம்பு தடுக்கி விழும் இடத்தில் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். ஒரு இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். "இந்த இடத்துல ஒரு படம் இருக்குமே" என்றார். "இந்தப் பதிப்புல படம் போடலப்பா" என்றேன். பேசாமல் இருந்தார். பிறகு, "போகட்டும். நம்ம பைண்டை வாங்கிட்டுப் போனவராவது பார்த்துச் சிரிக்கட்டும்" என்றார்.

தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அடுத்த ஆண்டு போய்விட்டார்.

இதை உங்கள் மனம் இளக வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. கதை எங்கேயும் போய்விடாது, மறுபதிப்பு வரும். ஆனால் பத்திரிகையில் வந்தபோது கூடவே வந்த படம், பக்கத்தில் இருந்த துணுக்கு, கீழே இருந்த தலைவலித் தைல விளம்பரம், இதெல்லாம் மறுபதிப்பில் பெரும்பாலும் இருக்காது. அது அந்தப் பைண்டில்தான் இருக்கும். என் அப்பா பதமாகப் பிரித்து வைத்ததற்கு அர்த்தம் அதுதான்.

சினிமாப் பாட்டுப் புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தியேட்டர் வாசலில் அணாக் கணக்கில் விற்றது. படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் வாங்கிப் பாடிவிட்டுத் தூக்கிப் போட்ட காகிதம். தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' 1931இல் வந்தது. அதன் படச்சுருள் இன்று இல்லை. அப்படி அழிந்துபோன எத்தனையோ படங்களைப் பற்றி நமக்குத் தெரிவது பாட்டுப் புத்தகங்களாலும் நோட்டீசுகளாலும் பழைய பத்திரிகைகளாலும்தான். தியடோர் பாஸ்கரன் 'எம் தமிழர் செய்த படம்' என்று எழுதினாரே, அறந்தை நாராயணன் 'தமிழ் சினிமாவின் கதை' எழுதினாரே, அந்த மாதிரிப் புத்தகங்களுக்கெல்லாம் இப்படி யாரோ தூக்கிப் போடாமல் வைத்த காகிதம்தான் ஆதாரம்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதியவர். பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல. பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு, சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. வாங்கிக்கொண்டு அமெரிக்காவுக்குப் போகவில்லை. 1994இல் சென்னையிலேயே நூலகம் ஆனது. இன்று தரமணியில் ஆராய்ச்சியாளர்கள் வந்து உட்கார்ந்து படிக்கிறார்கள். அதே 1994இல்தான் நான் 11 கிலோவைத் தராசில் வைத்தேன். ஒரே வருஷத்தில் இரண்டு என்ட்ரி. ஒன்று வரவு, ஒன்று செலவு.

சரி, நம் பீரோவுக்கு வருகிறேன். போன இரண்டு வாரமாக நானும் சி பிளாக்கிலிருந்து இரண்டு பேரும் உட்கார்ந்து எண்ணினோம். இரண்டு பீரோவிலும் சேர்த்து 412 புத்தகங்கள். அதில் 96 பழைய நுழைவுத் தேர்வு கைடுகளும், இன்று யாரும் பயன்படுத்தாத கம்ப்யூட்டர் புத்தகங்களும். 61 பூச்சி அரித்தவை அல்லது ஒரே புத்தகத்தின் இரண்டாம் பிரதிகள். இந்த 157ஐ எடைக்குப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. புத்தகம் என்பதற்காக எல்லாவற்றையும் கும்பிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

மீதி 255. அதில் சிரிப்பு, சங்கீதம், நாடகம், சினிமா சம்பந்தப்பட்டவை மட்டும் 73. தேவன் இருக்கிறார், கல்கி இருக்கிறார், மூன்று அப்புசாமி இருக்கிறார். இங்கே முன்பு குடியிருந்த யாரோ விட்டுப்போன நாலு பைண்டுகளும் இருக்கின்றன. ஒன்றைத் திறந்தேன். உள் அட்டையில் அழகான எழுத்தில் ஒரு பெயர், ஒரு தேதி. யாரோ ஒருவருடைய அப்பா.

ஆகவே என் யோசனை இது. ஒரு பீரோவை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் பார்சல் ரேக் வரட்டும். இன்னொரு பீரோவில் ஐந்து தட்டு, தட்டுக்கு ஐம்பது புத்தகம் அடங்கும். 250 ஆயிற்று. மிஞ்சும் ஐந்தை என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன். பூட்டை எடுத்துவிடலாம். சாவி யாரிடம் என்று தெரியாமல்தான் மூன்று வருஷமாக யாரும் அதைத் திறக்கவில்லை. அதைத்தான் 'பயனற்று' என்று எழுதிவிட்டோம். பாங்கில் இரண்டு வருஷம் பரிவர்த்தனை இல்லாவிட்டால் கணக்கை 'செயல்படாத கணக்கு' என்போம். உள்ளே இருக்கும் பணம் செல்லாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. வாடிக்கையாளர் வந்து கையெழுத்துப் போட்டால் உயிர் வந்துவிடும்.

பீரோ பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் கட்டித் தொங்கவிடலாம். எடுத்தவர் பெயர், வீட்டு எண், தேதி. டெபாசிட் வேண்டாம், அபராதம் வேண்டாம். பதிவேட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், வேறு எனக்கு என்ன தெரியும்?

இன்னொன்று. சனிக்கிழமை மாலை ஐந்திலிருந்து ஐந்தரை வரை, அரைமணி நேரம் இங்கே ஒருவர் வாசிக்கட்டும், மற்றவர்கள் கேட்கலாம். நம் ஐந்து பிளாக்கிலும் கண் பார்வை மங்கியவர்கள், மகன் மகள் வெளிநாட்டில் இருந்து தனியாக டி.வி.யோடு பேசிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்று வாட்ச்மேனைக் கேளுங்கள், அவர் சரியாகச் சொல்வார். தனியாகப் படித்தால் புன்னகைதான் வரும். நாலு பேர் சேர்ந்து கேட்டால் சிரிப்பு வரும். குழந்தைகளையும் கூட்டி வாருங்கள். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கும் கேட்டால் புரியும். பாரதியார் திண்ணையில் பாடியது போலத்தான், காதில் விழட்டும், போதும்.

வீட்டில் கண்ணில் படாமல் பரணில் பைண்டு ஏதாவது இருந்தால், தராசில் வைப்பதற்கு முன் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். சில்லறை வேண்டுமானாலும் எட்டணா பாக்கியில்லாமல் தருகிறேன்.

ஏழாவது அயிட்டம் வரும்போது கையைத் தூக்குவதற்கு முன் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். போண்டா வாசனை வந்துவிட்டது. ஆறிப்போவதற்குள் முடித்துக்கொள்கிறேன்.